அத்தியாயம் 7: பெட்ரோல் அழுத்தம் – முதலில் கேஜ், பிறகு திருகு

1986 முதல் 1993 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் 5.0 வைத்திருப்பவர்கள் வழக்கமாக மாற்றும் சாமான்களில் ஒன்று, திருகு வைத்த பிரஷர் ரெகுலேட்டர். சைலன்சர் மாற்றியாயிற்று, ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று, கேம்ஷாஃப்ட்டோ சிலிண்டர் ஹெட்டோ மாறியாயிற்று, அடுத்தது இதுதான். விலை குறைவு, பூட்ட அரை நாள் போதும். அலன் கீயை ஒரு சுற்றுத் திருப்பினால் குதிரைசக்தி கூடிவிடும் என்று தொண்ணூறுகளில் பரவிய நம்பிக்கை அமெரிக்க டிராக் ரேஸ் வட்டாரத்தில் இன்னும் தேயவில்லை.

திருப்பியதும் வண்டி சற்று இழுப்பாக ஓடுவதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அது எதனால் என்று திருப்பியவருக்கே தெரியாது. இந்தக் காரில் இருக்கும் இ.இ.சி.-4 கம்ப்யூட்டருக்குப் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. இன்ஜெக்டருக்கு முன்னால் 39 பிஎஸ்ஐ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதன்மேல் கணக்குப் போட்டு, இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. நீங்கள் அழுத்தத்தை மாற்றினால் கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் அதன் கணக்கை மாற்றுகிறீர்கள். செய்யலாம், நல்ல பலனும் கிடைக்கும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பதை அளந்த பிறகு செய்ய வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த அளவைப் பற்றியதுதான்.

39 என்பது எதன் அளவு?

5.0 இன்ஜினில் எட்டு இன்ஜெக்டர்கள். ஒவ்வொன்றின் வாயும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் திறக்கிறது. பின்னால் பெட்ரோல் தள்ளுகிறது. முன்னால் மேனிஃபோல்டின் வெற்றிடம் உறிஞ்சுகிறது. பீய்ச்சும் அளவைத் தீர்மானிப்பது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஐட்லிங்கில் மேனிஃபோல்டில் வெற்றிடம் அதிகம், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் ஏறத்தாழ ஒன்றுமில்லை. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயிலில் அழுத்தத்தை ஒரே எண்ணில் நிறுத்தி வைத்தால், இன்ஜெக்டருக்கு அது ஐட்லிங்கில் ஒரு அழுத்தம், முழு மிதியில் வேறு அழுத்தம்.

இதைச் சரிக்கட்டத்தான் ரெகுலேட்டரின் தலையில் ஒரு வாக்குவம் ஹோஸ் இருக்கிறது. உள்ளே ஒரு டயாஃப்ரம், அதன் ஒரு பக்கம் ஸ்பிரிங், மறு பக்கம் பெட்ரோல். ஸ்பிரிங்கின் பலத்தைப் பெட்ரோல் மிஞ்சும்போது வால்வு திறந்து, மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது. மேனிஃபோல்டு வெற்றிடம் ஸ்பிரிங்குக்கு எதிராக இழுப்பதால், ஐட்லிங்கில் ரெயில் அழுத்தம் தானாகவே இறங்கிவிடும். வெற்றிடம் 18 அங்குல பாதரசம் என்றால் அது ஏறக்குறைய 9 பிஎஸ்ஐ. ஆக, ஹோஸ் மாட்டியிருந்தால் 30, கழற்றினால் 39. இரண்டு நேரத்திலும் இன்ஜெக்டரின் இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அதே 39தான்.

திருகைத் தொடுபவர்கள் மிகச் சாதாரணமாகத் தடுக்கி விழும் இடம் இது. கேம்ஷாஃப்ட் மாற்றிய இன்ஜினில் ஐட்லிங் வெற்றிடம் 12 அங்குலத்துக்கு இறங்கியிருக்கும். அப்போது ஹோஸ் மாட்டிய நிலையில் 33 காட்டுவதுதான் சரி. அதைப் பார்த்துவிட்டு, ‘புத்தகத்தில் 30 என்று போட்டிருக்கிறது’ என்று 3 பிஎஸ்ஐ குறைத்தால், முழு மிதியில் நிற்கப்போவது 36. எனவே எந்த அளவையும் ஹோஸைக் கழற்றி, மேனிஃபோல்டுப் பக்கத்து முனையை அடைத்துவிட்டு எடுங்கள். இனி இந்த அத்தியாயத்தில் ‘அழுத்தம்’ என்றால் ஹோஸ் கழற்றிய அளவுதான்.

நீங்கள் திருப்புவதைக் கம்ப்யூட்டர் அழிக்கும்

சாதாரண ஓட்டத்தில் எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார்கள் இரண்டும் ரிச்சா, லீனா என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அழுத்தத்தைக் கூட்டினால் ரிச் என்று சொல்லும். கம்ப்யூட்டர் இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் குறைத்துப் பழைய விகிதத்துக்கே கொண்டுவந்துவிடும். அந்தத் திருத்தம் நிலைத்தால் நினைவிலும் எழுதிக்கொள்ளும். அதனால் மிதமாக ஓட்டும்போது, கூட்டிய அழுத்தம் மைலேஜையும் மாற்றாது, பிக்கப்பையும் மாற்றாது.

முழு மிதியில் கம்ப்யூட்டர் அந்தச் சென்சார்களின் பேச்சைக் கேட்பதில்லை. தன் அட்டவணைப்படி பெட்ரோல் கொடுக்கிறது. நீங்கள் செய்த மாற்றம் அங்கேதான் தெரியும். அதிலும் ஒரு சிக்கல்: மிதமான ஓட்டத்தில் கற்றுக்கொண்ட திருத்தம் முழு மிதிக் கணக்கிலும் ஓரளவு ஒட்டிக்கொள்ளலாம். சனிக்கிழமை திருகிவிட்டுப் பார்த்த எண், அடுத்த சனிக்கிழமை வேறாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மாற்றம் செய்தவுடன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கால் மணி நேரம் கழற்றிவைத்துப் பழைய நினைவை அழியுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டிவிட்டு மறுபடி அளந்த எண்ணையே கடைசி எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் சிலருக்கு நிஜமாகவே சக்தி கூடியதே, எப்படி? தொழிற்சாலை விட்ட வண்டி, இன்ஜினையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் காப்பாற்ற முழு மிதியில் சற்று ரிச்சாகவே ஓடும். அப்படிப்பட்ட வண்டிக்கு அழுத்தத்தைக் குறைத்தால்தான் சக்தி கூடும். ஹெட், கேம், இன்டேக் மாற்றிக் காற்று அதிகம் போகும் வண்டியில் நிலைமை தலைகீழாக இருக்கலாம். விளம்பரத்தில் மட்டும் அம்புக்குறி எப்போதும் மேல்நோக்கியே இருந்தது.

வர்க்கமூலக் கணக்கு

அழுத்தத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் பெட்ரோல் இரண்டு மடங்கு வராது. பீய்ச்சும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. புதிய அழுத்தத்தைப் பழைய அழுத்தத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, பழைய அளவால் பெருக்குங்கள். மஸ்டாங்கில் வந்த இன்ஜெக்டர் 39 பிஎஸ்ஐயில் மணிக்கு 19 பவுண்டு கொடுப்பது. 45க்கு ஏற்றினால் 20.4 பவுண்டு. 50க்கு ஏற்றினால் 21.5. 35க்கு இறக்கினால் 18. அழுத்தத்தை 28 சதவீதம் ஏற்றிக் கிடைத்த கூடுதல் பெட்ரோல் 13 சதவீதம்தான் என்பதைக் கவனியுங்கள்.

அந்த 19 பவுண்டு எத்தனை குதிரைசக்திக்குத் தாங்கும் என்பதையும் போட்டுப் பார்த்துவிடலாம். டர்போ, சூப்பர்சார்ஜர் இல்லாத இன்ஜின் ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல் தின்னும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்டரை 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது. எட்டு இன்ஜெக்டர், 19 பவுண்டு, 0.85, இவற்றைப் பெருக்கி 0.5ஆல் வகுத்தால் 258. தொழிற்சாலை 1987 முதல் 1992 வரை சொன்ன 225க்கு இது தாராளம். 300க்கு ஹெட், கேம் போட்டவர் அழுத்தத்தை ஏற்றி இடைவெளியை நிரப்பப் பார்ப்பது வீண். 24 பவுண்டு இன்ஜெக்டர் வாங்க வேண்டும். அது 326 வரை தாங்கும்.

இன்ஜெக்டர் வாங்கும்போது பெட்டியில் எழுதிய எண் எந்த அழுத்தத்துக்கானது என்று பாருங்கள். ஃபோர்டு கணக்கு 39.15 பிஎஸ்ஐ, அதாவது 2.7 பார். வேறு பல தயாரிப்பாளர்கள் 3 பார், அதாவது 43.5 பிஎஸ்ஐயில் அளந்து எழுதுகிறார்கள். 43.5இல் 24 பவுண்டு கொடுப்பது 39இல் 22.8தான் கொடுக்கும். ஐந்து சதவீதம் லீன் ஓடுவதற்கு வேறு காரணமே வேண்டாம்.

திருகுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

முப்பது வயது தாண்டிய வண்டி. அழுத்தம் குறைவாக இருக்கிறது என்றால் முதல் சந்தேகம் ரெகுலேட்டர் மேல் போகக் கூடாது. ஃபில்டர் மாற்றி எத்தனை நாளாயிற்று? பம்ப்புக்கு வோல்டேஜ் எவ்வளவு போகிறது? இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 இருந்தும் டேங்குக்குப் பக்கத்துக் கனெக்டரில் 11.5தான் காட்டினால், வழியில் எங்கோ துருவும் கருகிய ரிலேயும் உட்கார்ந்திருக்கின்றன. பம்ப் வேகமிழந்ததைத் திருகால் மறைத்தால் ஐட்லிங்கில் எண் அழகாக இருக்கும், 5000 ஆர்பிஎம்மில் சரிந்து விழும். அங்கே லீன், அங்கே நாக்கிங், அங்கே பிஸ்டன் போகும்.

பழைய ரெகுலேட்டரின் வாக்குவம் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே ஈரமோ பெட்ரோல் நெடியோ இருந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. இன்ஜின் அந்த வழியாகக் கச்சாவாகப் பெட்ரோல் குடித்துக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் எதையும் அளப்பதில் பொருளில்லை.

அடுத்தது, நிறுத்திய பின் அழுத்தம் தங்குகிறதா என்பது. இன்ஜினை அணைத்துவிட்டுக் கேஜைப் பார்த்தபடி நில்லுங்கள். முள் சில பிஎஸ்ஐ இறங்கி நின்றால் சரி. ஒரு நிமிஷத்தில் பூஜ்யத்தைத் தொட்டால் பம்ப்பின் செக் வால்வோ ரெகுலேட்டரோ ஏதாவது ஓர் இன்ஜெக்டரோ ஒழுகுகிறது. எட்டு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். ஏழு பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் கரிபிடித்திருந்தால் ஒழுகும் இன்ஜெக்டர் அந்தச் சிலிண்டரில் இருக்கிறது.

இக்னிஷன் டைமிங்கும் முதலில் முடிந்திருக்க வேண்டும். தொழிற்சாலை அளவு, ஸ்பவுட் கனெக்டரைப் பிடுங்கிய நிலையில் 10 டிகிரி. பலர் 14 வரை ஏற்றுவார்கள். எதில் வைத்தாலும் வைத்த பிறகு பெட்ரோலுக்கு வாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாறி மாறித் திருப்புபவர் எது எதைச் செய்தது என்று ஒருநாளும் கண்டுபிடிக்க மாட்டார்.

1986 முதல் 1988 வரையிலான வண்டிகள் பெரும்பாலும் ஸ்பீடு டென்சிட்டி முறை. இவற்றில் காற்றை நேரடியாக அளக்கும் மீட்டர் இல்லை. மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கம்ப்யூட்டர் ஊகிக்கிறது. 1989 முதல் எல்லா 5.0 வண்டிகளிலும் மாஸ் ஏர் மீட்டர் வந்தது. கலிஃபோர்னியாவுக்கு மட்டும் ஒரு வருடம் முன்பே. ஸ்பீடு டென்சிட்டி வண்டியில் பெரிய கேம் போட்டு ஐட்லிங் குதிக்கிறது என்றால், திருகு மருந்தாகாது. மாஸ் ஏர் முறைக்கு மாற்றும் கிட் போட வேண்டும்.

பூட்டுவது

வேலை ஆரம்பிக்கும் முன், கைக்கு எட்டும் இடத்தில் டிரை பவுடர் தீயணைப்பான். இழுத்து மாட்டும் பல்பு விளக்கு வேண்டாம். அது கீழே விழுந்து உடைந்தால் தீப்பிடிக்க வேறெதுவும் தேவையில்லை, எல்.இ.டி. டார்ச் போதும். இன்ஜின் தொட்டால் ஆறியிருக்க வேண்டும். கேரேஜ் கதவு திறந்திருக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அழுத்தத்தை இறக்க, டிக்கிக்குள் இருக்கும் இனர்ஷியா சுவிட்சின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். பிறகு ரெயிலில் இருக்கும் ஷ்ரேடர் வால்வின் மேல் துணியைப் போர்த்தி, டயர் வால்வை அமுக்குவதுபோல நடு ஊசியை அமுக்கினால் மிச்சமும் துணிக்குள் போய்விடும். அந்தத் துணியை வெளியே கொண்டுபோய்க் காயப் போடுங்கள், பானெட்டுக்குள் வைக்காதீர்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே ரெகுலேட்டரில் கை.

ரெகுலேட்டரை ரெயிலோடு பிடித்திருப்பது மூன்று சின்ன அலன் திருகுகள். முப்பது வருட வெப்பத்தில் இறுகியிருக்கும், தலை வழுக்கிவிட்டால் அன்றைய வேலை அவ்வளவுதான். முந்தின இரவே துரு எண்ணெய் விட்டு வைத்து, தேயாத அலன் கீயால் திருப்புங்கள். மேல் இன்டேக்கைக் கழற்றினால் கை போக நல்ல இடம் கிடைக்கும். அந்த அரை மணி நேரத்தைச் சேமிக்கப் பார்க்காதீர்கள். பழைய ஓ-ரிங் ரெயில் துவாரத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை எடுக்காமல் புது ஓ-ரிங்கை மேலே வைத்து இறுக்கினால் ஒழுகும். புதியதில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி உட்கார வையுங்கள்.

கேஜ் விஷயத்தில் ஒரு நுணுக்கம். பானெட்டுக்குள் நிரந்தரமாக மாட்டும் கிளிசரின் நிரப்பிய கேஜ், இன்ஜின் சூட்டில் பொய் சொல்லும். மூடிய கூட்டுக்குள் திரவம் விரிந்து முள்ளுக்கு எதிராக அழுத்துவதால் சில பிஎஸ்ஐ குறைவாகக் காட்டும். அதை நம்பித் திருகினால் உண்மை அழுத்தம் அந்த அளவு கூடிவிடும். கூட்டின் மேலிருக்கும் ரப்பர் அடைப்பைச் சற்றுத் தூக்கிக் காற்றுவிட்டால் எண் சரியாகும். செட்டிங்குக்கு உலர்ந்த வகை கேஜ் ஒன்று தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

ஓட்டும்போது பார்க்க வேண்டுமே என்று பெட்ரோல் ஹோஸைக் காருக்குள் இழுத்து டாஷ்போர்டில் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது பிய்ந்தால் மடியில் பெட்ரோல். நீள ஹோஸ் வைத்துக் கேஜை முன் கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டுங்கள், இல்லையென்றால் சென்டர் வைத்த எலக்ட்ரிக் கேஜ் வாங்குங்கள். சென்டரிலிருந்து உள்ளே வருவது வயர் மட்டும்தான்.

திருப்புவது

இன்ஜின் ஓடாமலே பம்ப்பை ஓட்ட ஒரு வழி இருக்கிறது. பானெட்டுக்குள் இருக்கும் பரிசோதனைக் கனெக்டரில் ஒரு பின், பம்ப் ரிலேயின் கட்டுப்பாட்டு வயர். சாவியை ஆன் நிலையில் வைத்து அந்தப் பின்னை எர்த் செய்தால் பம்ப் தொடர்ந்து ஓடும். எந்தப் பின் என்பதை உங்கள் வருஷ மாடலின் வயரிங் படத்தில் பாருங்கள், ஊகத்தில் குத்தாதீர்கள். இன்ஜின் ஓடாததால் வெற்றிடம் இல்லை. கேஜ் காட்டுவது நேராக நமக்கு வேண்டிய எண். புது ரெகுலேட்டர் பூட்டியதும் முதலில் இப்படித்தான் ஓட்டி, டார்ச்சோடு குனிந்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரமில்லை என்ற பிறகு ஸ்டார்ட்.

லாக் நட்டைத் தளர்த்துங்கள். அலன் கீயை உள்ளே விட்டு வலப்பக்கம் திருப்பினால் ஸ்பிரிங் இறுகி அழுத்தம் ஏறும், இடப்பக்கம் இறங்கும். கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் போகாதீர்கள். முள் சற்றுத் துடித்து நிற்கும். நின்ற பிறகு படியுங்கள். 39 வந்ததும் அலன் கீயை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு மறு கையில் ஸ்பானரால் லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது முள் ஒன்று ஒன்றரை நகரும். நகர்ந்த அளவைக் கணக்கில் வைத்துத் தளர்த்தி மறுபடி வைக்க வேண்டும். இதற்குச் சலித்துக்கொண்டு ‘இருக்கட்டும்’ என்று விட்டால் கீழே சொல்லப்போகும் கணக்கெல்லாம் வீண்.

இன்ஜினைச் சூடாக்கி, ஹோஸ் கழற்றிய நிலையில் மறுபடி பார்த்து, ஹோஸை மாட்டுங்கள். மாட்டியதும் முள் இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் ஹோஸில் வெடிப்பு, அல்லது தவறான துவாரத்தில் மாட்டியிருக்கிறீர்கள்.

அளந்து முடிவு செய்வது

வண்டியில் ஏற்கெனவே இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் ரிச், லீன் என்ற இரண்டு வார்த்தைதான் பேசும். எவ்வளவு என்று சொல்ல வைட்பேண்ட் சென்சார் வேண்டும். அதை வாங்கப் பணமில்லாதவர் ரெகுலேட்டர் வாங்கிய பணத்தை அதில் போட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். இல்லையென்றால் ஒருநாள் டைனோ வாடகை கொடுங்கள்.

டர்போ, சூப்பர்சார்ஜர் இல்லாத 5.0க்கு முழு மிதியில் 12.8 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் நல்ல குறி. முதல் ஓட்டத்தை 39இல் எடுங்கள். மூன்றாவது கியரில், காலியான ரேஸ் டிராக்கில் அல்லது டைனோவில், 2500இலிருந்து 5500 வரை. மீட்டர் 12.0 காட்டுகிறது என்று வையுங்கள், அதாவது ரிச். 12.0ஐ 12.8ஆல் வகுத்தால் 0.9375, பெட்ரோலை ஆறு சதவீதம் குறைக்க வேண்டும். அதன் வர்க்கம் 0.879. 39ஐ அதால் பெருக்கினால் 34.3. திருகை இறக்கி 34 பக்கம் வைத்து மறுபடி ஓட்டுங்கள். இதே வண்டி 13.6 காட்டியிருந்தால்? 13.6ஐ 12.8ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.129, அழுத்தம் 44.

இரண்டு உதாரணமும் 34க்கும் 44க்கும் இடையில் முடிந்ததற்குக் காரணம் உண்டு. கீழே போகப் போக பெட்ரோல் நல்ல பொடித் தூறலாக வராது. சொட்டுச் சொட்டாக விழுந்து ஐட்லிங் தடுமாறும். மேலே போனால் மிதமான ஓட்டத்தில் கம்ப்யூட்டரின் திருத்தம் எல்லையைத் தொடப் பார்க்கும், பம்ப்பும் திணறும். நான் இந்த வண்டிகளில் 34க்குக் கீழும் 45க்கு மேலும் போவதில்லை. அதற்கு வெளியே எண் கேட்டால் இன்ஜெக்டரோ மீட்டரோ கம்ப்யூட்டரோ தவறாக இருக்கிறது என்று அர்த்தம்.

லீன் பக்கமிருந்து தொடங்காதீர்கள். முதல் ஓட்டத்திலேயே 13.5க்கு மேல் ஏறினால் காலை எடுத்துவிடுங்கள், ஓட்டத்தை முடிக்க வேண்டாம். பெட்ரோல் பங்க்கில் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால் எண்ணை லாம்டாவில் படிப்பது குழப்பத்தைக் குறைக்கும், 12.8க்குச் சமமானது சுமார் 0.87.

ஒரே ஓட்டத்தில் கீழ் ஆர்பிஎம்மில் ரிச், மேலே லீன் என்று காட்டினால் திருகால் தீர்க்க முடியாது. திருகு எல்லா ஆர்பிஎம்மையும் ஒரே விகிதத்தில் நகர்த்தும். மேலே போகும்போது மட்டும் லீன் ஆகிறதென்றால் அந்த ஓட்டத்தின்போது கேஜில் அழுத்தம் சரிகிறதா என்று பாருங்கள். சரிந்தால் பம்ப், ஃபில்டர், வயரிங். சரியவில்லையென்றால் இன்ஜெக்டர் எல்லையைத் தொட்டிருக்கிறது.

24 பவுண்டும் பொய் சொல்லும் மீட்டரும்

24 பவுண்டு இன்ஜெக்டர் போட்டால் கம்ப்யூட்டருக்கு அதைச் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலை கம்ப்யூட்டர் 19 என்றே நினைத்துக்கொண்டிருக்கும். தொண்ணூறுகளில் சந்தை கண்டுபிடித்த குறுக்குவழி, ‘24க்கு அளவிட்ட’ மாஸ் ஏர் மீட்டர். உள்ளே போகும் காற்றை நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும். கம்ப்யூட்டர் குறைந்த நேரம் இன்ஜெக்டரைத் திறக்கும், பெரிய இன்ஜெக்டர் அதை ஈடுகட்டும். பெட்ரோல் கணக்கு சரியாகிவிடும். ஆனால் அதே காற்று எண்ணை வைத்துத்தான் கம்ப்யூட்டர் இன்ஜினின் சுமையையும் ஸ்பார்க் டைமிங்கையும் முடிவு செய்கிறது. சுமை குறைவென்று நம்பி டைமிங்கை ஏற்றிவிடும். இதன்மேல் யாராவது அழுத்தத்தைக் குறைத்து லீன் ஆக்கினால் நாக்கிங்குக்கு இரண்டு பக்கமும் கதவைத் திறந்துவிட்டது மாதிரி. இப்படி மீட்டர் போட்ட வண்டியில் அழுத்தத்தை மீட்டர் தயாரிப்பாளர் சொன்ன எண்ணில் வைத்து, இரண்டு பிஎஸ்ஐ அங்கே இங்கே நகர்த்துவதோடு நிறுத்திக்கொள்வதுதான் விவேகம்.

பம்ப், பூஸ்ட், இறங்காத அழுத்தம்

கிணற்று மோட்டார் தரைத் தொட்டிக்கு ஊற்றுவதைவிட மூன்றாவது மாடித் தொட்டிக்குக் குறைவாகத்தான் ஏற்றும். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பும் அப்படியே. அழுத்தம் ஏற ஏற அது கொடுக்கும் லிட்டர் குறையும். தொழிற்சாலை பம்ப் மணிக்கு 88 லிட்டர். எடையில் சுமார் 143 பவுண்டு, அதாவது 285 குதிரைசக்திக்குச் சற்றும் மிச்சமில்லாத கணக்கு. 300ஐ நெருங்கும் வண்டிக்கு 155 லிட்டர் பம்ப் போட்ட பிறகுதான் ரெகுலேட்டர் பேச்சு.

எதற்கு வம்பு என்று நேராக 255 லிட்டர் போடுபவர்களுக்கு வேறு தொல்லை. பெட்ரோல் அதிகம் எரியாத ஐட்லிங்கில் ஏறக்குறைய அத்தனையும் ஒல்லியான ரிட்டர்ன் லைன் வழியே திரும்ப வேண்டும். லைன் விழுங்க மாட்டாது. முள் 45இல் நிற்கும், திருகை முழுக்க இடப்பக்கம் தளர்த்தினாலும் இறங்காது. ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் பல இந்த வகை. ரிட்டர்ன் ஹோஸ் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்து, பிறகு பெரிய ரிட்டர்ன் லைன் போடுங்கள்.

சூப்பர்சார்ஜர் போட்ட வண்டியில் வாக்குவம் ஹோஸ் இன்னொரு வேலையும் செய்கிறது. மேனிஃபோல்டில் 6 பிஎஸ்ஐ பூஸ்ட் ஏறினால் ரெயிலிலும் 6 ஏறி 45 ஆக வேண்டும், அப்போதுதான் வித்தியாசம் 39 ஆக நிற்கும். ஓட்டத்தில் கேஜ் 39லேயே நின்றால் இன்ஜெக்டருக்குக் கிடைப்பது 33தான். இந்த வண்டிகளில் ஹோஸ் கழன்று விழாமல் இருக்க கிளிப் போடுவது கட்டாயம். விழுந்தால் முதல் முழு மிதியிலேயே பிஸ்டன் உருகலாம்.

பழைய சூப்பர்சார்ஜர் கிட்களில் எஃப்எம்யூ என்றொரு டப்பா ரிட்டர்ன் லைனில் வரும். ஒரு பிஎஸ்ஐ பூஸ்ட்டுக்குப் பன்னிரண்டு பிஎஸ்ஐ வரை பெட்ரோல் அழுத்தத்தை ஏற்றும். 6 பிஎஸ்ஐக்கு 72 கூடி 111 என்று போகும். அதற்கென்றே தனி இன்லைன் பம்ப்பும் சேர்த்துக் கொடுப்பார்கள். 19 பவுண்டு இன்ஜெக்டரையே வைத்துக்கொண்டு விலையைக் குறைக்கச் செய்த ஏற்பாடு. அந்தக் காலத்துக்கு அது கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் முப்பது வருட ரப்பர் ஹோஸிலும் ஓ-ரிங்கிலும் நூறு பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றுவதை இன்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கிட் கைமாறி வந்திருந்தால் எஃப்எம்யூவைக் கழற்றிவிட்டு, பெரிய இன்ஜெக்டரும் சிப்பும் போடுங்கள்.

சிப் போடுவது அச்சப்படும் வேலை இல்லை. கம்ப்யூட்டர் முன் பயணியின் கால் பக்கத்துப் பலகைக்குப் பின்னால் இருக்கிறது. பின்புறத்தில் ஜே3 என்ற பரிசோதனைப் போர்ட். அதன் தொடுமுனைகளில் தொழிற்சாலை பூசிய பூச்சை முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு சிப்பைச் செருக வேண்டும். சுத்தமில்லாமல் செருகினால் ஓடும்போது அணையும். சிப்பில் இன்ஜெக்டர் அளவும் மீட்டரின் நிஜ வளைவும் எழுதிய பிறகு, ஹோஸைக் கழற்றி 39இல் வைத்து, லாக் நட்டை இறுக்கி, நட்டுக்கும் திருகுக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். யாராவது தொட்டால் தெரிந்துவிடும். கலிஃபோர்னியாவில் பதிவான வண்டியென்றால், ரெகுலேட்டருக்கு அந்த மாநில காற்று வாரியத்தின் அனுமதி எண் உண்டா என்று வாங்கும்போதே பாருங்கள். எண் இல்லாத மாற்றுச் சாமானைப் புகைப் பரிசோதனையில் கண்ணால் பார்த்தே தள்ளிவிடுவார்கள். அதற்காகப் பழைய ரெகுலேட்டரை ஓ-ரிங்கோடு ஒரு டப்பாவில் போட்டு வைத்திருங்கள்.